ரேட்டிங் குறைந்தால் வட்டி மட்டும்தான் ஏறுமா?

அடுத்த கேள்வி. "ஒரு கம்பெனியின் ரேட்டிங் குறைந்தால் கடனுக்கு வட்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

வட்டி மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். கடன் கொடுக்க வருகிற ஆட்களே குறைந்துவிடுவார்கள் என்பதுதான் பெரிய பயம். ரேட்டிங் என்பது, ஒரு கம்பெனி கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுமா என்று பார்த்து மூடிஸ், எஸ் அண்ட் பி போன்ற ஏஜென்சிகள் போடும் மார்க். ட்ரிபிள் ஏ-யில் (AAA) தொடங்கி பிபிபி மைனஸ் (BBB-) வரைக்கும் முதலீட்டுத் தரம். அதற்கு ஒரே ஒரு படி கீழே, பிபி பிளஸ் (BB+) ஆகிவிட்டால் 'ஜங்க்', அதாவது குப்பை ரகம். பல பென்ஷன் நிதிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் விதிப்படி அப்படிப்பட்ட கம்பெனியின் கடன் பத்திரங்களைப் பெரிய அளவில் வாங்க முடியாது.

இதற்கு ஃபோர்டு கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நம் மறைமலை நகரில் கார் செய்தார்களே, அதே ஃபோர்டுதான். 2005-இல் ஜங்க் ஆனார்கள். 2006 கடைசியில் சுமார் 2,300 கோடி டாலருக்குக் கடன் ஏற்பாடு செய்தபோது, வெறும் கையெழுத்துக்கு யாரும் அவ்வளவு பணம் தரவில்லை. தொழிற்சாலைகளை அடமானம் வைத்தார்கள். அந்த நீல நிற லோகோவையும் சேர்த்து அடமானம் வைத்தார்கள்! 2012 மே மாதம் மூடிஸ் மறுபடி முதலீட்டுத் தரம் கொடுத்த பிறகுதான் லோகோ திரும்பக் கைக்கு வந்தது.

நம் நாட்டு வங்கிக் கடனிலும் இதே கணக்குதான். வங்கிகள் எவ்வளவு சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிற பாசல் 3 விதிகளில், 100 கோடி ரூபாய் கடனுக்கு ட்ரிபிள் ஏ கம்பெனி என்றால் 20 சதவீதம்தான் ரிஸ்க் வெயிட், அதாவது 20 கோடியைத்தான் ரிஸ்க் என்று கணக்கில் எடுப்பார்கள். பிபிபி என்றால் 100, பிபி என்றால் 150. அந்த ரிஸ்க் தொகையில் குறைந்தபட்ச மூலதனம் 9 சதவீதம் என்று வைத்தால், வங்கி ஒதுக்க வேண்டியது முறையே 1.8 கோடி, 9 கோடி, 13.5 கோடி. மேனேஜருக்கு உங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்புறம், ஜங்க் ஆகிற விளிம்பில் நிற்கிற கம்பெனி கடன் வாங்குவதற்கு முன்பே யோசிக்கும். விரிவாக்கத்தைத் தள்ளிப்போடும், கடனுக்குப் பதில் புதுப் பங்கு வெளியிடும், டிவிடெண்டை நிறுத்தும். ஃபோர்டு 2020 மார்ச்சில் டிவிடெண்டை நிறுத்தியது. கொரோனா நேரம், அப்படியும் தப்ப முடியவில்லை. அதே மாதம் எஸ் அண்ட் பி-யும் மறுபடி ஜங்க் ஆக்கியது. ஏப்ரலில் 800 கோடி டாலர் திரட்ட 8.5 முதல் 9.625 சதவீதம் வரை வட்டி கொடுத்தார்கள். எஸ் அண்ட் பி திரும்ப முதலீட்டுத் தரம் தந்தது 2023 அக்டோபரில்தான்.