உங்கள் தெருவுக்கு எத்தனை பிரதிநிதிகள்?

நேயர்களுக்கு வணக்கம். அம்பத்தூரில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் பல வருஷமாக மனு எழுதிக்கொண்டிருப்பவன் நான். பேச அழைத்ததற்கு அதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

எங்கள் சங்கக் கூட்டத்தில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். நம் எம்.பி. எந்தத் தொகுதி? சிலர் வடசென்னை என்பார்கள், சிலர் மத்திய சென்னை என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். வரி கட்டுவது சென்னைக்கு. ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் மதுரவாயல், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களோடு சேர்ந்துதான் ஓட்டுப் போடுகிறோம். பக்கத்தில் இருக்கும் மாதவரமும் மாநகராட்சி மண்டலம்தான். அவர்களுடைய எம்.பி. திருவள்ளூர் தொகுதிக்காரர்.

இது ஏன் இப்படி? தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதிகள் 39. ஒவ்வொன்றிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள், ஆக 234. இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக அடங்கும். மாநகராட்சி வார்டு எல்லை தனிக் கணக்கு. சென்னையில் 200 வார்டுகள். 2022 தேர்தலுக்கு முன்பு அவற்றின் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அதனால் தெருவில் கிடக்கும் பழைய வார்டு எண் பலகையை நம்ப வேண்டாம்.

சரி, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஒரு மழைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது. அது மழைநீர் வடிகால் அடைத்து நிற்கும் தண்ணீர் என்றால் மாநகராட்சியின் பொறுப்பு. 1913க்குப் போன் போடலாம், கவுன்சிலரைப் பிடிக்கலாம். அதே இடத்தில் சாக்கடை மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கினால் அது குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர். மாநில அரசின் வாரியம் அது. பணிமனை என்று பலகையில் எழுதியிருக்கும், ஜனங்கள் டிப்போ என்பார்கள், அங்கே போக வேண்டும். இரண்டும் கலந்து பொங்கினால்? பெரும்பாலும் கலந்துதான் பொங்கும். அப்போது மாநகராட்சிக்காரர் அது வாரியத்து வேலை என்பார், வாரியத்துக்காரர் இது மாநகராட்சி வேலை என்பார். இந்தப் பந்து விளையாட்டை நிறுத்தக்கூடியவர் கவுன்சிலர். இரண்டு இடத்துப் பொறியாளர்களையும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரவழைக்க அவரால் முடியும். அவராலும் நடக்கவில்லை என்றால் எம்.எல்.ஏ. ஏனென்றால் வாரியத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை அவருக்குத்தான் உண்டு.

தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை எல்லாம் வார்டு, அதாவது கவுன்சிலர். ரேஷன் கடை, மின்சாரம், காவல் நிலையம் மாநில அரசு, அதாவது எம்.எல்.ஏ. ரயில் நிலையம், தபால், பாஸ்போர்ட் மத்திய அரசு, அதாவது எம்.பி. எங்கள் சி.டி.எச். ரோடு, அதாவது சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை, நெடுஞ்சாலைத் துறையுடையது. அதிலிருந்து பிரியும் சந்து மாநகராட்சியுடையது. பள்ளம் இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஒரே மனுவை இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்திலும் கொடுத்துவிடுவேன். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்ப மாட்டேன்.

நகரத்தில் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. என்று மூன்று பேர் கணக்கு என்றால் கிராமத்தில் ஆறு. எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் போக, உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் ஒருவர் நான்கு ஓட்டுப் போடுகிறார். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவர்கள். ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் கட்சி வந்துவிடும். ஒன்றியத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். மஞ்சள் சீட்டுக்காரர் யார் என்று கேட்டால் கிராமத்திலும் பலர் விழிப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த மாவட்டக் கவுன்சிலர் பதவியைப் பற்றி வாக்காளருக்கு யாரும் ஒழுங்காக எடுத்துச் சொன்னதே இல்லை.

நாற்காலி காலியாக இருக்கும் காலமும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. அப்புறம் 2022 பிப்ரவரி வரைக்கும் சென்னையில் கவுன்சிலர் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல், கவுன்சிலர் பார்க்கவேண்டிய தெரு வேலைக்கெல்லாம் ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கிராமங்களிலும் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊராட்சி மனுவை எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டியதுதான்.

உங்கள் தொகுதியைக் கண்டுபிடிப்பது சுலபம். வாக்காளர் அட்டையின் பின்பக்கம் சட்டமன்றத் தொகுதியின் பெயரும் எண்ணும் இருக்கும். அட்டை இல்லையென்றால் 1950க்குப் போன் செய்து கேட்கலாம். வார்டு எண்ணுக்குச் சொத்துவரி ரசீதைப் பாருங்கள். பழைய ரசீதாக இருந்தால் மண்டல அலுவலகத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தயங்குகிறார்கள், எனக்கு ஓட்டு சொந்த ஊரில்தானே என்கிறார்கள். ஓட்டு எங்கே இருந்தாலும் உங்கள் வாசலில் நிற்கும் தண்ணீர் இந்த வார்டுத் தண்ணீர். கவுன்சிலர் உங்களுக்கும் கவுன்சிலர்தான்.

இன்னொன்று. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனாலும் பல வார்டுகளில் கவுன்சிலர் எண்ணுக்குப் போன் போட்டால் அவருடைய கணவர் எடுக்கிறார். கவுன்சிலர் சார்பில் பேசுகிறேன், என்னிடமே சொல்லுங்கள் என்கிறார். எங்கள் சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அண்ணே, வணக்கம், அக்காவிடம் கொடுங்கள் என்போம். அவர் வெளியே போயிருக்கிறார் என்றால் எப்போது வருவார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடுவோம். மனுவிலும் அந்தக் கவுன்சிலர் பெயரைத்தான் எழுதுவோம். மன்றக் கூட்டத்தில் எழுந்து பேச உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

நன்றி, வணக்கம்.