கேட்க வேண்டியவரைக் கேட்டோமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல ஆராய்ச்சியிலும் சிகிச்சையிலும் எது சரி, எது தவறு என்பதை எப்படி முடிவு செய்கிறோம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அறக் கோட்பாடுகளின் பெயர்களை அடுக்குவதற்கு முன்னால், உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க் நகரத்தில் ஸ்டேட்டன் தீவு என்று ஒரு பகுதி. அங்கே வில்லோபுரூக் என்ற அரசு விடுதி இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. ஏறக்குறைய 4,000 பேருக்காகக் கட்டிய இடத்தில் 1960களில் 6,000 பேர் வரை அடைந்து கிடந்தார்கள். கழிப்பறைக்குத் தானாகப் போகத் தெரியாத பிள்ளைகள், கவனிக்கப் போதிய ஆள் கிடையாது. மஞ்சள் காமாலை அங்கே ஓயவே இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தொற்றிவிடும்.

1956இல் சால் குரூக்மன் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்காக, தனி வார்டில் சேர்த்த பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கிருமியைக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அந்தக் கிருமி நோயுற்ற பிள்ளைகளின் மலத்திலிருந்து எடுத்ததுதான்.

கேட்டதும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்த மருத்துவர் சொன்ன காரணங்களைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எப்படியும் காமாலை வரத்தான் போகிறது. சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும். எங்கள் வார்டில் வேறு தொற்றுகள் அண்டாது, கவனிப்பும் மேலாக இருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். கிடைக்கும் அறிவு உலகத்துக்கே உதவும். இந்தக் கடைசிக் காரணம் பலித்தும்விட்டது. காமாலைக் கிருமியில் இரண்டு வகை உண்டு என்று தெளிவாகக் காட்டியது அந்த ஆராய்ச்சி. இன்று நம் பிள்ளைகளுக்குப் போடுகிற ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அது ஒரு முன்படி. 1983இல் அவருக்கு அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருதும் கிடைத்தது.

பெந்தாம், மில் போன்ற ஆங்கிலச் சிந்தனையாளர்கள் வகுத்த பயன்வழி அறம் இதைத்தான் கேட்கிறது: ஒரு செயலால் மொத்தத்தில் எவ்வளவு நன்மை, எவ்வளவு தீமை? இந்தக் கணக்கை நான் ஒதுக்கவில்லை. அரசு மருத்துவமனையில் இருக்கிற பணத்தில் எந்த மருந்தை முதலில் வாங்குவது என்று முடிவு செய்ய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. ஆனால் வில்லோபுரூக்கில் கணக்குப் போட்டவர்கள் ஒரு வரியை எழுதாமலே விட்டுவிட்டார்கள். எப்படியும் நோய் வரும் என்றார்களே, ஏன் வர வேண்டும்? கூட்டத்தைக் குறைத்து, இடத்தைச் சுத்தமாக வைத்து, ஆள் போட்டிருந்தால் காமாலை அப்படிப் பரவியிருக்காது. மனிதர் உண்டாக்கிய அவலத்தை மாற்ற முடியாத விதி போல எடுத்துக்கொண்டு, அதன் மேல் கணக்கை எழுதினார்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. 1964 வாக்கில் இடமில்லை என்று விடுதியில் பொதுச் சேர்க்கையை நிறுத்தினார்கள். ஆனால் ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் இருப்பதாகப் பெற்றோருக்குத் தகவல் போனது. பிள்ளையை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல், காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுத் தவித்த ஒரு தாய் அந்தக் கடிதத்தை எப்படிப் படித்திருப்பாள்? கையெழுத்துப் போட்டாள். அதைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இங்கேதான் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் நமக்குத் துணை வருகிறார். எந்த மனிதரையும் இன்னொருவர் நோக்கத்துக்கு வெறும் கருவியாக்காதே, எவ்வளவு பெரிய நன்மை கிடைத்தாலும் ஆக்காதே என்பது அவர் வைத்த வரம்பு. 1966இல் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர், அறம் தவறியதாகத் தாம் கருதிய 22 ஆய்வுகளை ஒரு மருத்துவ இதழில் பட்டியலிட்டார். வில்லோபுரூக் அதில் ஒன்று. 1972இல் டஸ்கீகி விவகாரம் வெடித்தது. அலபாமாவில் மேகப்புண் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 40 ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. இதற்கெல்லாம் பிறகுதான், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் அறம் பற்றி அமெரிக்க அரசுக் குழு ஒன்று எழுதிய பெல்மான்ட் அறிக்கை 1979இல் வந்தது. மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், சுமையையும் பலனையும் நியாயமாகப் பகிர்தல் என்று மூன்றை அது முன்வைத்தது. மூன்றாவதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஊசி யார் கையில் ஏறுகிறது, மருந்து யார் வீட்டுக்குப் போகிறது என்ற கேள்வி அது.

சரி, காண்ட் வழியில் விதியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் போதுமா? போதாது. மனநலத் துறையில் முதல் விதி ரகசியம் காப்பது. நோயாளி சொன்னது அறையைத் தாண்டக் கூடாது. 1969இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், தன் காதலை ஏற்காத டாட்டியானா டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ அவளுடைய பெற்றோரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் மாதம் அவள் கொலையுண்டாள். 1976இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைக் காக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கிவிட்டு, பிறரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டிய இடத்தில் விலக்கு தருகிறது. எவ்வளவு சொல்வது என்பதற்கும் அளவு வைத்திருக்கிறது: காப்பதற்குத் தேவையானதை மட்டும் சொல்லலாம், முழுக் கதையையும் சொல்லக் கூடாது.

காண்ட் இன்னொரு இடத்திலும் நமக்கு உதவ மாட்டார். தற்கொலையைக் கடமை மீறலாகவே அவர் பார்த்தார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் கட்டிலருகே உட்கார்ந்தவர்களுக்கு, அவர் எந்தக் கடமையையும் எடைபோட்டுக்கொண்டிருக்கவில்லை என்று தெரியும். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, கவனிப்பது அரசின் கடமை என்கிறது இதே சட்டத்தின் 115ஆவது பிரிவு. கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது அப்படி ஒரு நெருக்கடி இருந்தால், டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் மனநோயாளிகளை விட்டுச்சென்ற தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களிலிருந்து, கையிலிருந்ததை விற்றுவிட்டு வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஆனால் ஒன்று என்னை இன்றும் உறுத்துகிறது. கட்டுண்டவரிடம் 'உனக்கு இங்கே இருக்கச் சம்மதமா?' என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மனநோய் வந்தவருக்குச் சொந்தமாக ஒரு முடிவு இருக்கும் என்றே நாம் நினைக்கவில்லை. வில்லோபுரூக்கின் வார்டையும் ஏர்வாடியின் கொட்டகையையும் நான் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியை முழுவதுமாகத் தடை செய்தது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதையும் தடுத்தது. அதைவிடப் பெரியதாக நான் நினைப்பது அதன் 4ஆவது பிரிவை. சொல்வதைப் புரிந்துகொள்ளவோ, விளைவு இன்னதென்று உணரவோ, பேச்சாலோ சைகையாலோ முடிவைத் தெரிவிக்கவோ முடிகிற எவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு. அந்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதற்காகவே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான் மனநல சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். ஒருநாள் புறநோயாளி பிரிவில், புது மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேர்க்க ஓர் இளைஞரை அழைத்திருந்தார்கள். மனச்சிதைவுக்குச் சில வருடங்களாக மருந்து எடுப்பவர். மாத்திரையின் காரணமாகக் கை லேசாக நடுங்கும். மேசையில் பல பக்கச் சம்மதப் படிவம். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க போடணும் டாக்டர்? அவனுக்கு என்ன தெரியும், நான் போடுறேன்" என்றார். பையன் படிவத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரத்தம் எத்தனை தடவை எடுப்பீங்க?" என்று கேட்டார்.

அந்த இளம் பெண் மருத்துவர் அவசரப்படவில்லை. "அம்மா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அந்த இளைஞர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை முறை, எவ்வளவு ரத்தம், எதற்கு என்று சொன்னார். பிறகு, "நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்க, நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேன்" என்றார். அவர் தன் வார்த்தையில் சொன்னார், ஒன்றிரண்டு விட்டுப்போனது, மருத்துவர் எடுத்துக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர், அடுத்த முறை வந்தபோது வேண்டாம் என்றார். ஊசி பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். அம்மாவுக்கு வருத்தம். மருத்துவர் "சரி தம்பி" என்று சொல்லி வழக்கமான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

அரிஸ்டாட்டில் வழி வந்த பண்பு அறம் இதைத்தான் பேசுகிறது என்பேன். நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி எந்த விதியும் இல்லை. அது பழகிப்போன பண்பு. அதை இளம் மருத்துவர்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவதைவிட, மூத்தவர்கள் அவர்கள் கண்முன் செய்து காட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் நோயாளியை மட்டும் பார்க்கிறது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் குடும்பத்தை மறந்துவிட்டது என்று என் மருத்துவ நண்பர்கள் பலர் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. கரோல் கில்லிகன் போன்றவர்கள் 1980களில் எடுத்துச் சொன்ன பராமரிப்பு அறம், மனிதர் தனித்தனித் தீவாக வாழ்வதில்லை என்பதை நினைவூட்டுகிறது. மாத்திரை வாங்க பஸ் ஏறி வருவதும், கோபத்தில் எறிந்த தட்டைப் பொறுக்கி எடுப்பதும் அந்த அம்மாதான். அவர் அறையில் இருக்கட்டும், எல்லாவற்றையும் கேட்கட்டும், மகன் விரும்பினால் அவனுடைய நியமனப் பிரதிநிதியாகவும், அதாவது சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க அவனே தேர்ந்தெடுத்தவராகவும், இருக்கட்டும். பதில் சொல்லக்கூடிய மகன் பக்கத்தில் இருக்கும்போது அவனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ ஆய்வில் சேரச் சொன்னால் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மனநோயுள்ளவரை ஆய்வில் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 99ஆவது பிரிவு. அவரால் சம்மதம் தரவே இயலாத நிலை என்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். அப்போதும் அவர் எதிர்ப்புக் காட்டினால் சேர்க்கக் கூடாது. சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை நிற்கக் கூடாது. தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கேளுங்கள். புரியாததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆய்வை அனுமதித்த அறநெறிக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருப்பதில்லை. சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத்துக்கு வெளியிலிருந்து பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும், தலைவரும் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொடர்பு விவரம் தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அவர்களிடமே நேராகப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.