கெவினுக்குக் கணக்கு மறந்த கதை: 'தி ஆபீஸ்' எங்கே சறுக்கியது?

(திரையில்: தின்பண்டம் வாங்கும் மெஷினின் கோட்டோவியம். அதன் முன்னால் பருத்த உடம்புக்காரர் ஒருவர், பக்கத்தில் ஒரு பெண்.)

2008 மே மாதம். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஊரில் இருக்கும் ஒரு பேப்பர் கம்பெனிக்கு ஹாலி என்ற பெண் ஹெச்.ஆர். வேலைக்கு வருகிறார். வந்ததுமே சேல்ஸ்மேன் டுவைட் அவர் காதில் ஒரு பொய்யைப் போட்டு வைக்கிறார்: அக்கவுண்ட்ஸில் இருக்கும் கெவினுக்கு மூளை வளர்ச்சி போதாது. ஹாலி நம்பிவிடுகிறார். மெஷினில் தின்பண்டம் வாங்க வந்த கெவினுக்குப் பக்கத்தில் நின்று, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக உதவி செய்கிறார். கெவின் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவர். இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடித்துப்போய்விட்டது போல என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

இந்தக் காட்சி சிரிப்பை வரவழைப்பது எதனால்? டுவைட் சொன்னது பொய் என்பதால்தான். கெவின் ஒழுங்காக வேலை பார்க்கும் ஒரு கணக்கர் என்பது நமக்குத் தெரியும், ஹாலிக்குத் தெரியாது.

(திரையில்: நாட்காட்டித் தாள்கள் வேகமாகப் புரள்கின்றன. 2013 மே.)

ஐந்து வருடம் தள்ளி, அதே தொடரின் கடைசி எபிசோட். கெவினை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். காரணம், இத்தனை வருடமும் கணக்கு இடித்த இடத்திலெல்லாம் 'கெலெவன்' என்று தானே உருவாக்கிய ஓர் எண்ணைச் சேர்த்துத்தான் அவர் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

டுவைட் சொன்ன பொய்யை, கதை எழுதியவர்களே கடைசியில் உண்மையாக்கிவிட்டார்கள்.

வணக்கம். அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' தரம் இறங்கியதா, இறங்கியது என்றால் எந்த இடத்தில்? தொடர் முடிந்து இத்தனை வருடமாகியும் ரசிகர்கள் விடாமல் மோதிக்கொள்ளும் கேள்வி இது. எனக்கு இதில் ஒரு தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கெவினிடமிருந்து தொடங்கினேன்.

(திரையில்: காலக்கோடு, 2005 முதல் 2013 வரை.)

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 மார்ச் 24 அன்று என்பிசி சேனலில் ஆரம்பித்து, 2013 மே 16 அன்று முடிந்தது. 9 சீசன், 201 எபிசோட். மூலம், ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் பிரிட்டனில் எடுத்த அதே பெயர்கொண்ட தொடர். அமெரிக்காவுக்கு ஏற்றபடி அதை மாற்றியவர் கிரெக் டேனியல்ஸ். டண்டர் மிஃப்ளின் என்ற கம்பெனியின் கிளை அலுவலகத்தை ஒரு ஆவணப்படக் குழு வருடக்கணக்கில் படம் பிடிக்கிறது என்பதுதான் அமைப்பு. பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. எது சிரிப்பு என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, சண்டைக்கு வருவோம். பெரும்பாலோர் சொல்வது இதுதான்: மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கரெல் 2011 ஏப்ரலில் விலகினார், அதோடு தொடர் முடிந்தது. இவர்கள் மறுபடி பார்க்கும்போது ஏழாவது சீசனோடு நிறுத்திவிடுவார்கள். இன்னொரு கூட்டம், சேல்ஸ்மேன் ஜிம்முக்கும் ரிசப்ஷனிஸ்ட் பேமுக்கும் கல்யாணம் ஆன ஆறாவது சீசனிலேயே காற்று இறங்கிவிட்டது என்கிறது. கடைசி சீசன் எல்லாவற்றையும் மீட்டுவிட்டது என்பாரும் உண்டு.

கரெல் போனது பெரிய இழப்பு. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் கூரை ஒழுகத் தொடங்கியது அவர் இருந்தபோதே. அதைப் பார்க்க, தொடர் நன்றாக இருந்த காலத்தில் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

(திரையில்: உணவக மேசை. மூன்று நாற்காலி.)

முதல் சீசனில் 6 எபிசோட்தான். பிரிட்டன் தொடரின் நிழல் அதில் பலமாக விழுந்திருந்தது. மைக்கேல் வெறும் தொல்லை பிடித்த மேனேஜராக இருந்தார். இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2005 நவம்பரில் வந்த 'தி க்ளையண்ட்' எபிசோடைப் பாருங்கள். பெரிய கான்ட்ராக்ட் ஒன்றுக்காக மைக்கேலும் அவருடைய மேலதிகாரி ஜேனும் ஒரு வாடிக்கையாளரைச் சந்திக்கிறார்கள். சந்திப்பை மைக்கேல் பெரிய ஹோட்டலிலிருந்து ஒரு சாதாரண உணவகத்துக்கு மாற்றிவிடுகிறார். ஜேனுக்கு எரிச்சல். மைக்கேலோ ஜோக் அடிக்கிறார், சாப்பிடுகிறார், அரட்டை அடிக்கிறார், வியாபாரப் பேச்சையே எடுக்கவில்லை. மணிக்கணக்காக இது நடக்கிறது. கடைசியில் பேச்சை ஜேன் கெடுக்கப் பார்க்கும் இடத்தில் மைக்கேல் சட்டென்று உள்ளே புகுந்து, அந்த மனிதருடைய மனம் எங்கே நிற்கிறது என்று அறிந்து, கான்ட்ராக்டை வாங்கிவிடுகிறார்.

இந்த ஆளை எப்படி மேனேஜராக்கினார்கள் என்று முதல் சீசன் முழுக்க நமக்கு ஒரு கேள்வி இருந்ததல்லவா? பதில் கிடைத்துவிட்டது. மேனேஜர் வேலைதான் அவருக்கு வரவில்லை, விற்கத் தெரிந்தவர்களில் அவர் முதல் வரிசை. அந்த நாளுக்குப் பிறகு அவர் எவ்வளவு அசட்டுத்தனம் செய்தாலும், இவரிடம் ஏதோ சரக்கு இருக்கிறது என்ற நினைப்போடுதான் நாம் சிரித்தோம்.

என் கட்சி இதுதான். ஒரு அலுவலக காமெடி நிற்பதும் விழுவதும், அங்கே இருப்பவர்களுக்கு ஏதோ ஒரு வேலை தெரியும் என்று நாம் நம்புவதில் இருக்கிறது.

கெவினுக்கும் அப்படி ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோட் 'கேசினோ நைட்'. அலுவலகக் கிடங்கில் சூதாட்ட இரவு. கெவின் கேமராவைப் பார்த்துச் சாவகாசமாகச் சொல்கிறார்: 2002இல் லாஸ் வேகாஸில் நடந்த உலக அளவிலான போக்கர் தொடரில் ஒரு போட்டியை அவர் ஜெயித்திருக்கிறார். போக்கர் என்பது எண்களின் ஆட்டம், நிதானத்தின் ஆட்டம். அப்போதுதான் அந்த மெதுவான பேச்சுக்கு இன்னொரு அர்த்தம் வருகிறது. இவர் மந்தம் இல்லை, அவசரப்படாதவர். அதே இரவில், போக்கரே சரியாகத் தெரியாத சக ஊழியர் ஃபிலிஸிடம் அவர் தோற்றுப்போவதுதான் காட்சியின் அழகு. கெட்டிக்காரர் தோற்றால்தானே அது வேடிக்கை?

(திரையில்: கெவினின் கோட்டோவியம் சீசனுக்குச் சீசன் மாறுகிறது. கண்கள் பெரிதாகின்றன, கையிலிருந்த கால்குலேட்டர் மறைகிறது.)

எட்டாவது சீசன் ஆரம்பத்தில் அதே கெவின், நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாக்கியங்களைப் பாதியாக வெட்டிப் பேசுகிறார். அந்தத் துணுக்கு இன்றும் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கொடுத்த விலை, போக்கர் ஆடிய அந்த மனிதர்.

ஒரு பாத்திரத்தின் பல குணங்களில் ஒன்றை மட்டும் ஊதிப் பெருக்கி, மற்றதெல்லாம் கரைந்துபோக விடுவதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஃப்ளாண்டரைசேஷன்'. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃப்ளாண்டர்ஸிடமிருந்து வந்த சொல். நல்ல அயலாராக, கூடவே பக்திமானாக இருந்தவர், போகப்போக பக்தியைத் தவிர வேறொன்றும் இல்லாதவராக ஆனார். கிரெக் டேனியல்ஸும் 'தி ஆபீஸு'க்கு முன் அந்தக் கார்ட்டூனில் எழுத்தாளராக இருந்தவர்தான்.

இது ஏன் நடக்கிறது? சோம்பலால் மட்டும் இல்லை. பிரிட்டன் தொடர் மொத்தமே 12 எபிசோட், அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு இரண்டு பாகமாக. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். இங்கே 201. பெரும்பாலான வருடங்களில் இருபதுக்கும் மேல் எழுத வேண்டும். அத்தனை பக்கங்களையும் நிரப்ப, ஏற்கெனவே சிரிப்பு வாங்கிய குணத்தைத்தான் கை தானாகத் தேடும். இதற்கு நடுவே ஆட்களும் மாறினார்கள். டேனியல்ஸும் எழுத்தாளர் மைக்கேல் ஷூரும் 2009இல் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரை ஆரம்பித்தார்கள். 'தி ஆபீஸ்' பொறுப்பு பால் லீபர்ஸ்டீன், ஜெனிஃபர் செலோட்டா கைக்கு வந்தது. ஆரம்பத்திலிருந்து எழுதியும், கெல்லியாக நடித்தும் வந்த மிண்டி கேலிங், கடைசி சீசன் தொடங்கும்போது தனக்கென ஒரு தொடருக்குப் போய்விட்டார். இவருடைய அப்பா தமிழர், சொக்கலிங்கம் என்பது குடும்பப் பெயர். மைக்கேல் பாதத்தைச் சுட்டுக்கொள்ளும் 'தி இஞ்சுரி' இவர் எழுதியதுதான். படுக்கை பக்கத்தில் கிரில் வைத்து பேக்கன் சுட்டு, எழுந்தவுடன் அதிலேயே கால் வைத்துவிட்ட ஒரு மேனேஜரை வைத்து முழு எபிசோட் எழுதுகிறவர் போனால் இழப்பு இழப்புதான்.

(திரையில்: மைதானம், வாணவேடிக்கை. 2009 பிப்ரவரி 1.)

சறுக்கல் கண்ணில் படும் முதல் இடம் எது என்று கேட்டால் நான் 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்' என்பேன். இதற்குச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்த கையோடு ஒளிபரப்பாகி, இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த எபிசோட் அது. டுவைட் தீப்பிடித்ததுபோல நாடகம் ஆடுகிறார். ஆளாளுக்கு அலறுகிறார்கள், கதவை உடைக்கப் பார்க்கிறார்கள், அக்கவுண்ட்ஸ் ஏஞ்சலா தன் பூனையைக் கூரை ஓட்டை வழியாக மேலே தூக்கி எறிகிறார். விழுந்து விழுந்து சிரிக்கலாம், நானும் சிரிப்பேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அது ஒரு அலுவலகமாக இல்லை. அது எடுபட்டதும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆசை வந்துவிட்டது.

ஏழாவது சீசன் முடிவில் புது மேனேஜருக்கு நேர்காணல் நடக்கிறது. நடிகர் ஜிம் கேரி வருகிறார், நடிகர் ரே ரோமனோ வருகிறார், கோடீஸ்வரர் வாரன் பஃபெட்டே வருகிறார். ஸ்க்ரான்டனில் பேப்பர் விற்கும் கிளைக்கு! எட்டாவது சீசனில் நடிகர் ஜேம்ஸ் ஸ்பேடர், கம்பெனித் தலைவர் ராபர்ட் கலிஃபோர்னியாவாக. அவருக்கு இன்று தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது, நடிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ரிசப்ஷனைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் கதை வேறு ஏதோ ஊருக்குப் போய்விடுகிறது. சேல்ஸ்மேன் ஆண்டி பாவம். மேனேஜராக்கினார்கள், ஒன்பதாவது சீசனில் படகேற்றி மாதக்கணக்கில் காணாமலே அடித்தார்கள், திரும்பி வந்தபோது வேறு மனிதராக்கிவிட்டார்கள். நடித்த எட் ஹெல்ம்ஸுக்கு அப்போது சினிமா வேலை இருந்தது. கால்ஷீட்டுக்குத் தகுந்தபடி ஒரு மனிதரின் குணமே மாறியது.

எதிர்ப் பக்கமும் பாருங்கள், என் வாதத்துக்கு அதுதான் பலம். டுவைட்டிடமிருந்து வேலைத் திறமையை யாரும் பிடுங்கவில்லை. பீட்ரூட் பண்ணை, தற்காப்புக் கலை, அதிகார வெறி என்று எவ்வளவு கிறுக்குத்தனம் ஏற்றினாலும், கிளையின் முதல் சேல்ஸ்மேன் அவர்தான் என்பது கடைசி வரை மாறவில்லை. அதனால்தான் ஒன்பதாவது சீசனில் மேனேஜர் நாற்காலி அவருக்குக் கிடைக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

(திரையில்: இரண்டு தொலைபேசிகள், இரண்டு ஊர்கள்.)

அந்தக் கடைசி சீசனுக்காக நான் வாதாடவும் தயார். டேனியல்ஸ் திரும்பி வந்திருந்தார். ஜிம் பிலடெல்ஃபியாவில் புதுத் தொழில், பேம் ஸ்க்ரான்டனில் குழந்தைகளோடு. மகளின் நடன நிகழ்ச்சியை வீடியோ எடுத்து அனுப்ப பேமால் முடியவில்லை. அதிலிருந்து போனில் வாக்குவாதம் வெடிக்கிறது. போனை வைத்ததும் பேம் அழுகிறார், எட்டு வருடமாகத் திரைக்குப் பின்னாலேயே இருந்த ஆவணப்படக் குழுவில் ஒருவர் சட்டகத்துக்குள் வந்து அவரைத் தேற்றுகிறார். நமக்குப் பிடித்த ஜோடியை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அப்போது பலருக்குக் கோபம். எனக்கோ, நெடுநாளைக்குப் பிறகு ஒரு நிஜமான வீட்டுப் பிரச்சினையைப் பார்த்த நிம்மதி. ஒரு வீடியோ பதிவாகவில்லை. அவ்வளவுதான் விஷயம். பூனை பறக்கவில்லை.

வாரம் ஒரு எபிசோட் பார்த்தவர்களுக்குக் கெவினின் சரிவு மெதுவாகத்தான் தெரிந்திருக்கும். இன்று யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 2020இல் மட்டும் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் இந்தத் தொடர் சுமார் 5,700 கோடி நிமிடம் ஓடியதாக, பார்வையாளர்களை அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு. போக்கர் கெவினைத் திங்கட்கிழமை பார்த்துவிட்டு, கெலெவன் கெவினை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறார்கள். சண்டை இன்னும் சூடாகவே இருப்பதற்கு இது பெரிய காரணம்.

(திரையில்: வெறும் சுவர். அதில் ஒரு சிறிய வாட்டர்கலர் ஓவியம்.)

யாராவது என்னிடம் ஒரே ஒரு எபிசோட் சொல்லு என்றால், 2007 பிப்ரவரியில் வந்த 'பிசினஸ் ஸ்கூல்' என்பேன். பேமுடைய ஓவியங்கள் கண்காட்சியில் வைக்கப்பட்டிருக்கின்றன. அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஆஸ்கர் வந்தார், அவரும் துணைவரும் ஓவியங்களைக் குறைத்துப் பேசுவது பேமின் காதில் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் அவர் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், தாமதமாக மைக்கேல் வருகிறார். அவர்களுடைய அலுவலகக் கட்டடத்தை பேம் வரைந்திருக்கிறார். மைக்கேல் அதன் முன்னால் நின்றுவிடுகிறார். அது எங்கள் கட்டடம், நாங்கள் பேப்பர் விற்கிறோம் என்கிறார். விலை என்ன என்று கேட்கிறார். பேம் அவரைக் கட்டிக்கொள்கிறார்.

அந்த ஓவியத்தை மைக்கேல் அலுவலகச் சுவரில் மாட்டினார். அதற்கப்புறம் மேனேஜர்கள் மாறினார்கள், கம்பெனியே கை மாறியது, கெவின் மாறினார், ஆண்டி மாறினார். யாரும் வசனத்தில் குறிப்பிடாவிட்டாலும் ஓவியம் பின்னணியில் இருந்துகொண்டே இருந்தது. மறுபடி பார்க்கும்போது ஆட்களை விட்டுவிட்டு அந்தச் சுவரை மட்டும் கவனியுங்கள்.

கடைசி எபிசோடில், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், பேம் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்.

(திரையில்: ஓவியம் இருந்த இடத்தில் ஆணி மட்டும்.)