சாக்குப்பையில் வந்த நான்கு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் காப்பகத்தில் வாசல்மணி கிடையாது. விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே சாக்கு ஒன்று முனகினால், யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன ஐப்பசி அடைமழையில் அப்படி ஒரு உரச் சாக்கு கிடந்தது. வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூச்சு முட்டிவிடக் கூடாதே என்று பிளேடால் இரண்டு கீறல் வேறு. அந்தக் கீறலைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. விட்டுப் போனவருக்கும் மனசு கேட்கவில்லை, பாருங்கள். உள்ளே நான்கு நாட்டு நாய்க்குட்டிகள். கண் திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். நான்கும் பெட்டை.

பெட்டையாகத்தான் இருக்கும். கடுவன் குட்டி என்றால் அக்கம்பக்கத்திலேயே ஆள் கிடைத்துவிடும், எங்கள் கேட் வரை வராது. நாங்கள் தத்துக் கொடுக்க அழைக்கும்போதும் இதே கதைதான். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். "அய்ய, பொட்டையா? வேண்டாம் டீச்சர். வருசத்துக்கு ரெண்டு தடவ குட்டி போட்டா யாரு பாத்துக்கிடுதது?" நியாயமான கேள்விதான். பதிலும் எங்களிடம் இருக்கிறது: ஆறு மாத வயதுக்கு மேல் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது. தையல் ஆற பத்து நாள் பார்த்துக்கொண்டால் போதும். பெட்டை நாய் காவல் காக்காது என்பார் ஒருவர். எங்கள் கொட்டகைக்குள் இருட்டிய பிறகு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள் அவரை!

கருத்தடை என்பது இன்று நேற்று முளைத்த யோசனை அல்ல. 1959-இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொன்று தீர்க்க முடியாது, கருத்தடைதான் வழி என்று 1960களிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆகிவிட்டது. தெருவில் காது நுனியில் சின்னதாக வெட்டுப்பட்ட நாயைப் பார்த்திருப்பீர்கள். சண்டையில் கிழிந்த காது இல்லை அது, ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளம்.

2025 ஆகஸ்டில், டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தெரிந்தவர்கள் பலர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள், "இனி உங்களுக்கு நல்ல காலம்தான் டீச்சர்" என்று. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. பத்துப் பதினோரு நாளில் அந்த உத்தரவைத் திருத்திவிட்டார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்று அப்போது ஆயிற்று. அப்பாடா என்றிருந்தது. காப்பகம் என்றால் நாய் கடைசி வரை இருக்கும் இடம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்களுடையது திண்ணை மாதிரி. வந்தது கொஞ்சம் இளைப்பாறிவிட்டுக் கிளம்பினால்தான் அடுத்ததற்கு இடம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பித்த புதிதில் எது வந்தாலும் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒரு நாள் கொழுகொழுவென்று ஒரு லேப்ரடார் குட்டி வந்தது. பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தது, மற்ற குட்டிகளோடு விட்டுவிட்டேன். நாலாம் நாள் அது சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ரத்தமாய்ப் பேதி. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். அந்த வாடையை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொட்டகை முழுக்க ஃபீனைல் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து தலையில் அடித்துக்கொண்டார்: ஃபீனைலுக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றணும், மண்ணில் மாசக் கணக்கில் உயிரோடு கிடக்கும் என்றார். கூடவே, பூனை இருக்கிற இடத்தில் ஃபீனைலை எடுக்கவே எடுக்காதீர்கள், அதற்கு விஷம் என்றும் சொன்னார். பதினோரு குட்டிகளில் இரண்டுதான் மிஞ்சின. தப்பு என்னுடையது. இப்போது புதிதாக எது வந்தாலும் பின்பக்கத் தனியறையில் இரண்டு வாரம். அந்த அறை நிறைந்துவிட்டால் இடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, அது வேறு விஷயம்.

சரி, தத்துக் கொடுப்பதற்கு வருகிறேன். நாய் கேட்டு வருகிறவர் வீட்டுக்கு முதலில் நாங்கள் போவோம். காபி தருவார்கள், குடிப்போம், ஆனால் கண் மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில்தான் இருக்கும். அங்கே கம்பியில் சங்கிலி கோத்திருந்தால், அந்த வீட்டுக்கு நாய் இல்லை. வெயிலில் மாடியில் கட்டிக் குரைக்க விடுவதற்கு ஒரு அலாரம் வாங்கி வைத்துக்கொள்ளலாமே. அப்புறம் ஒரு கேள்வி கேட்போம்: கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? முக்கால்வாசிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். கொடையில் வேட்டுப் போடுவார்கள், தீபாவளிக்கும் வெடிதான். பயந்து சுவர் தாண்டி ஓடி, திரும்பி வர வழி தெரியாத நாய்கள் எங்களிடம் ஒவ்வொரு வருஷமும் வருகின்றன. பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களும் உண்டு. கடிதத்தை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்க்கப் போவோம்.

கூட்டிப் போன நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் நடக்கும், பெரும்பாலும் முதல் வாரத்தில். மணி என்று நாலு வயது நாய். வளர்த்தவர் வெளிநாடு போய்விட்டார். பாளையங்கோட்டையில் ஒரு வயதான தம்பதி அதைக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார், அழுகிற குரலில். "கட்டிலுக்கு அடியிலேயே கெடக்கு டீச்சர். சோத்தத் தொடவே மாட்டேங்குது. எங்களப் பிடிக்கலையோ என்னமோ." கூப்பிடாதீர்கள், கெஞ்சாதீர்கள், தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், மூன்று வாரம் பொறுங்கள் என்றேன். ஒன்பதாம் நாள் ராத்திரி அவர் வீட்டுக்காரரிடமிருந்து போன். ரகசியம் பேசுவது மாதிரி பேசினார். டிவி பார்த்துக்கொண்டிருந்தாராம். மணி வெளியே வந்து, அவர் காலில் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டதாம். "அரை மணி நேரமாக் கால் மரத்துப் போச்சும்மா. எடுக்கலாமா, வேண்டாமா?" எடுக்காதீர்கள் என்றேன்.

ஜாதி நாய்கள் வருவது இன்னொரு வேதனை. செல்போன் விளம்பரத்தில் பக் நாயைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய காலம் ஒன்று. இப்போது ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாயைத் திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் வளர்த்தால் என்ன ஆகும்? ஏசி கரண்ட் பில்லைப் பார்த்ததும் எங்கள் நினைவு வந்துவிடும். இந்த ஊர் வெப்பத்துக்கு ஒத்துவராத இந்த இரண்டு இனங்களையும் இனப்பெருக்கம் செய்யக் கூடாத பட்டியலில் தமிழக அரசு 2024-இல் சேர்த்தது. நல்ல காரியம். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு வராது.

சாக்கில் வந்த நான்கில் மூன்று போய்விட்டன, ஒன்று தென்காசிக்கு, இரண்டு சேர்ந்து ஒரு தோட்டத்துக்கு. மிச்சம் கருப்பி. பெட்டை, அதோடு கருப்பு. தேய்பிறை அஷ்டமிக்கு அஷ்டமி பைரவர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிஸ்கட்டோடு அவளைத் தேடி வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். வீட்டுக்குக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, கருத்தடையும் முடிந்தது. செருப்பைக் கடிப்பாள், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் காப்பகம் திறந்திருக்கும். வருகிறவர்கள் வீட்டில் பழைய பெட்ஷீட், செய்தித்தாள், சாக்கு இருந்தால் கொண்டு வாருங்கள், மழைக்காலத்துக்குத் தரையில் விரிக்க உதவும். சாக்கு மட்டும் காலியாக இருக்கட்டும். வணக்கம்.