இலையைக் காட்டினால் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஏழரைக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வணக்கப் படங்களும் ராசி பலனும் வந்து ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் ஒரு செடி. மஞ்சளாகிப்போன கறிவேப்பிலைக் கொத்து, விரலில் பிடித்தபடி, பாதி மங்கலாக. கீழே ஒரே ஒரு வரி: "என்ன ஆச்சுன்னு தெரியல, யாராவது சொல்லுங்களேன்." ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிடும். புளித்த மோர் ஊற்றச் சொல்வார் செந்தூல் அக்கா. எப்சம் உப்பு போடச் சொல்வார் பட்டர்வொர்த் அண்ணன். தண்ணீர் பற்றவில்லை என்பார் ஒருவர், தண்ணீர் அதிகம் என்பார் இன்னொருவர். திருஷ்டி சுற்றிப் போடவும் ஆள் உண்டு. கேட்டவர் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்ப்பார். பத்து நாளில் செடி குச்சியாக நிற்கும்.

பதில் சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டில் அவரவர் வைத்தியம் பலித்துத்தான் இருக்கும். குறை கேள்வியில் இருக்கிறது. மஞ்சள் இலை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இன்று, கோலாலம்பூர், பினாங்கு அடுக்குமாடிகளில் தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் குழுவில் எப்படிக் கேட்பது, எதைக் கவனித்துச் சொல்வது என்று பார்ப்போம். கறிவேப்பிலையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், குழுக்களில் அதிகமாக அழுகை கேட்பது அதற்காகத்தான்.

முதலில் படம். நான்கு வேண்டும். தொட்டியும் தரையும் சுவரும் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. மண்ணின் மேற்பரப்பு ஒன்று. கெட்டுப்போன இலையின் முன்பக்கம் ஒன்று. அதே இலையைத் திருப்பிப் பின்பக்கம் ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைத்தான் யாரும் அனுப்புவதில்லை. ஆனால் பூச்சி குடியிருப்பது அங்கேதான். பக்கத்தில் ஒரு 20 காசு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும், அது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம். இரவில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், நல்ல இலைகூட மஞ்சளாகத் தெரியும். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எச்.டி. என்று தேர்ந்தெடுத்தோ ஆவணமாகவோ அனுப்பினால் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

படத்தோடு நான்கு தகவலும் வேண்டும்: பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது, தொட்டி எத்தனை அங்குலம், கடைசியாக மண் மாற்றியது எப்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர். இவற்றில் திசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டுத் தோட்டக் காணொளிகளைப் பார்த்து வளர்ப்பவர்கள் இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகை, ஜார்ஜ்டவுன் 5 பாகைக்குச் சற்று மேல். சூரியன் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்கு பார்த்த பால்கனிக்கு ஆண்டில் பாதி வெயில், மீதிப் பாதி வெறும் வெளிச்சம். தெற்கு பார்த்ததற்கு அது அப்படியே தலைகீழ். வடக்கு பால்கனியில் ஜூலையில் செழித்த செடி நவம்பரில் நெட்டையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு வெளிறுகிறது என்றால் உரம் தேடி ஓட வேண்டாம். வெயில் கட்டிடத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். கிழக்கு, மேற்கு பால்கனிகளுக்கு ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு ஐந்து ஆறு மணி நேர நேர் வெயில் இருந்தால் நல்லது. நான்கு மணி நேரத்தில் பிழைத்துக்கொள்ளும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். மூன்றுக்கும் குறைவென்றால் பண்டான் வளர்ப்பது உத்தமம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஒன்றே கால் வாக்கில். உச்சி வேளையில் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். உங்கள் தலைக்கு மேலே மேல்வீட்டுப் பால்கனியின் தளம் இருக்கிறது, அது பெரும்பகுதியை மறைத்துவிடும். ஜூன் மாதம் கோலாலம்பூரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரிலிருந்து வடக்கே 20 பாகைதான் சாய்கிறது. கூரை 2.7 மீட்டர் உயரம் என்றால் வடக்கு பால்கனியின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வரைதான் வெயில் தரையைத் தொடும். அதிலும் கம்பிக்குப் பதிலாக 1.1 மீட்டர் கட்டைச்சுவர் இருந்தால், சுவரை ஒட்டி 40 சென்டிமீட்டர் தரை நிழலிலேயே கிடக்கும். நம்மில் பலர் தொட்டியை வைப்பது சரியாக அந்த நிழலில்தான். ஒரு முக்காலியோ இரும்பு ஸ்டாண்டோ போட்டு அரை மீட்டர் உயர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். கட்டைச்சுவர் மேலே மட்டும் வைக்காதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஏறக்குறைய 15 லிட்டர் மண் பிடிக்கும், நனைந்தால் 20 கிலோவை நெருங்கும். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

திசை தெரியாவிட்டால் கைப்பேசித் திசைகாட்டியைப் பாருங்கள். இரும்புக் கம்பிக்கு அருகில் அது பொய் சொல்லும், வரவேற்பறைக்குள் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அப்படியே ஏர்கோன் வெளிப்பெட்டி எங்கே ஊதுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். இலை விளிம்பு மட்டும் பழுப்பாகிக் காய்ந்து, அதுவும் தொட்டியின் ஒரே பக்கத்து இலைகளில் என்றால், காரணம் அந்தச் சூடான காற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து மண். கடையில் பையில் கிடைக்கும் கருமண்ணை அப்படியே கொட்டினால் ஆறு மாதத்தில் களிமண் போல இறுகிவிடும். இரண்டு பங்கு கருமண் அல்லது எரித்த மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு கருக்கிய உமி அல்லது பெர்லைட் (கனமில்லாத வெள்ளைப் பொரிகல் துகள்), அரைப் பங்கு மக்கிய உரம். நார்த்தூளை முதலில் ஊறவைத்து, பிழிந்து, ஒருமுறை அலசிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். தொட்டியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் கல்லடுக்குக்கு எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிரம்பிய பிறகுதான் சொட்டும். கல் போட்ட உயரத்துக்கு வேர் நனைந்த மண்ணில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. கல்லுக்குப் பதில் துளையின் மேல் ஒரு வலைத்துண்டு போதும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் வாங்கிய சின்னச் செடியை ஆசையாக ஒரேயடியாக 14 அங்குலத் தொட்டிக்கு மாற்றுவதும் ஆபத்து. வேர் எட்டாத மண் காயாமலே கிடந்து புளிக்கும். பையைவிட இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும், வேர் துளை வழியே எட்டிப் பார்க்கும்போது அடுத்தது. பையில் நாலைந்து கன்றுகள் ஒன்றாக இருப்பது வழக்கம். அவற்றைப் பிரிப்பதென்றால் மாலையில் பிரித்து, இலைகளில் பாதியை வெட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் செடி வாங்கப் போகிறவர்கள் பலருக்கு இந்த இடத்தின் கதை தெரிந்திருக்கும்: 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோய் குடியிருப்பில் இருந்தவர்கள் கைத்தொழிலாகத் தொடங்கிய நாற்றுத் தோட்டங்கள்தான் இன்று அந்தச் சாலை முழுக்கப் பரவியிருக்கின்றன. அங்கே வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். தண்டின் தடிமனையும், அடியில் பக்கக்கன்று வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தண்ணீருக்குக் கிழமை கணக்கு வைக்க முடியாது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். அல்லது தொட்டியைச் சாய்த்துக் கனம் பாருங்கள், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளையில் வடியும் வரை ஊற்றி, பிறகு காயவிடுங்கள். தினமும் அரைக் குவளை ஊற்றுவதுதான் மோசமானது, மேலே சேறு, அடியில் வறட்சி. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கி ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் போதாது, முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டையே எடுத்துவிடுங்கள்.

இப்போது இலைக்கு வருவோம். அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன, மண்ணும் ஈரமாகவே இருக்கிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. அப்போது உரம் போட்டால் நிலைமை மோசமாகும். புதிய இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. அதற்கும் நனைந்த மண் ஒரு காரணம். பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால்தான் மக்னீசியக் குறை. எப்சம் உப்பு வேலை செய்வது இந்த ஒன்றுக்கு மட்டும், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இலையில் தெளிக்கலாம். மோர் பற்றிச் சண்டை வேண்டாம். நீர்க்க நீர்க்கக் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் கெடுதல் இல்லை. கெட்டியாக ஊற்றினால் பால்கனி நாறும், எறும்பும் குட்டி ஈக்களும் வந்து சேரும்.

குருத்து சுருண்டு, முறுக்கிக்கொண்டு வருகிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கியபடி சாய்வாக உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிறக் குட்டிப் பூச்சி என்றால் அது சிட்ரஸ் சில்லா. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், இரண்டிலும் அது பெருகும். எலுமிச்சைக்கு மஞ்சள் நோயைக் கொண்டுபோவதும் அதுவே. பக்கத்தில் லீமாவ் காஸ்தூரி (சின்ன எலுமிச்சை) தொட்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். சுருண்ட குருத்தைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விடாதீர்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கலக்க அரைத் தேக்கரண்டி திரவ சோப்பு. மாலை ஆறரைக்குப் பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். ஒருமுறையோடு நிறுத்தினால் முட்டை பொரித்து மறுபடி வரும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவை. சமையலுக்குப் பறிக்கும் கொம்பை விட்டுவிட்டு அடியுங்கள், மற்றதை நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

இலையில் கறுப்பு மசி படிந்து, விரலால் துடைத்தால் வருகிறதா? அது நோயல்ல. மேலே எங்கோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இனிப்பு நீரைச் சொட்டுகிறது, அதில் பூசணம் வளர்கிறது. தண்டில் எறும்பு ஏறும் வழியைப் பின்தொடர்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரே இரவில் இலை விளிம்பு அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தால் புழு. முதலில் காக்கை எச்சம் போலத் தெரியும், பெரிதானால் பச்சை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து எதற்கு? செடி பெரிதாக இருந்தால் இரண்டை விட்டுவைப்பவர்களும் உண்டு, குழுவில் கூட்டுப்புழுப் படம் வரும்போது அதற்கு எவ்வளவு இதயங்கள் விழுகின்றன என்று பார்த்திருப்பீர்கள்.

பறிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. இலையை ஒவ்வொன்றாக உருவாமல், நுனியோடு ஒரு கிளையைக் கணுவுக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். அந்த இடத்தில் இரண்டு குருத்து வெடிக்கும். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், விதை வேண்டுமென்றால் மட்டும் விடுங்கள்.

விதை பகிர்வதில்தான் அதிக ஏமாற்றம். கறிவேப்பிலை விதை காய்ந்தால் முளைக்காது. கறுப்பாகப் பழுத்ததைப் பறித்து, தோலையும் சதையையும் பிசைந்து கழுவி, அந்த வாரத்திலேயே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். கடையில் வாங்கிய கொத்தைத் தண்ணீர்க் குவளையில் வைத்து வேர் வருமென்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அழுகல்தான் கிடைக்கும். நண்பருக்குக் கொடுக்க எளிதானது அடிவேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று. ஒரு சாண் வளர்ந்ததும் தாய்வேரோடு சேரும் இடத்தைக் கத்தியால் வெட்டி, அங்கேயே இரண்டு வாரம் விட்டு, பிறகு பெயர்த்தெடுங்கள். கூரியரில் அனுப்பினால் வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக், இலைப்பகுதி திறந்தபடி. திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு முழுக்கச் செடி ஏதோ ஒரு கிடங்கில் வேகும். வாங்கிக்கொண்டவர் இரண்டு வாரம் அதை மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வைப்பது நல்லது, இலவசமாக சில்லாவும் வந்திருக்கலாம்.

இந்தியா போய் வருகிறவர்கள் பெட்டிக்குள் கன்று வைத்துக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்புச் சட்டப்படி அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும், விதைக்கும் அதே விதிதான். சபா, சரவாக் நண்பர்களுக்கு அனுப்புவதற்கும் அந்தந்த மாநில விவசாய இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.