மேலே அறை, கீழே அலைக்குளம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. எங்கே போகலாம் என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கியிருக்கும். கூரைக்குள்ளேயே நீர்ப் பூங்கா வைத்திருக்கும் தங்கும் விடுதிகளைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். நான் சுற்றுலாத் துறைக்காரன் அல்ல. ஏர்கான் வேலை பார்ப்பவன். பெரிய கட்டடங்களில் காற்று எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் பிள்ளைகள் சறுக்குகளைப் பார்ப்பார்கள், நான் கூரையில் ஓடும் காற்றுக்குழாயைப் பார்ப்பேன். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். செய்யட்டும். சறுக்கு எத்தனை, அலை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்புறம். ராத்திரி தங்கப்போகிற இடத்தில் காற்று எப்படி என்று முதலில் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சிங்கப்பூரில் நமக்குப் பழக்கமான நீர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் திறந்தவெளி. ஈஸ்ட் கோஸ்டில் இருந்த பிக் ஸ்பிளாஷ் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும், 1977இல் வந்தது. இப்போது பாசிர் ரிஸ்ஸில் வைல்ட் வைல்ட் வெட், செந்தோசாவில் அட்வென்ச்சர் கோவ். பொங்கோல் சாஃப்ராவில் சின்னப் பிள்ளைகளுக்கென்று உட்புற நீர் விளையாட்டு இடம் ஒன்றும் வந்தது. திறந்தவெளியில் என்ன சிக்கல் என்று உங்களுக்கே தெரியும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி மின்னல். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, சறுக்கின் உச்சிக்கு ஏறியதும் மின்னல் எச்சரிக்கை வரும். எல்லாரும் கீழே இறங்கு என்பார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆனால் கூரைக்குள் நீர்ப் பூங்கா கட்டும் எண்ணம் மழைக்குப் பயந்து வந்ததல்ல, பனிக்குப் பயந்து வந்தது. கனடாவில் எட்மண்டன் நகரத்தின் பெரிய கடைத்தொகுதிக்குள் 1986இல் வேர்ல்ட் வாட்டர்பார்க் திறந்தது. கடைத்தொகுதியோடு ஒட்டியே ஹோட்டலும் உண்டு. வெளியே பனி கொட்டும், உள்ளே அலைக்குளத்தில் ஆட்கள் மிதப்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விஸ்கான்சின் டெல்ஸ் என்று ஒரு சிறிய ஊர். கோடையில் கூட்டம் அலைமோதும், குளிர்காலத்தில் விடுதிகள் ஈயோட்டும். 1994இல் பாலினேசியன் என்ற விடுதி சறுக்குகளைக் கூரைக்குள் கொண்டுவந்தது. 1997இல் இன்று கிரேட் உல்ஃப் லாட்ஜ் என்று தெரியும் விடுதி தொடங்கியது. அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டினார்கள். இன்று அந்த ஊர் தன்னை உலகத்தின் நீர்ப் பூங்காத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது.

என் தம்பி சிகாகோவில் இருக்கிறான். ஒரு டிசம்பரில் நாங்கள் அம்மாவோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகளின் சித்தப்பா என்ற முறையில் அவன்தான் அந்த ஊருக்கு அழைத்துப்போனான். மூன்று மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். வழியெல்லாம் வெள்ளை. விடுதிக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வெதுவெதுவென்று ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அங்கெல்லாம் ஆண்டு முழுவதும் 84 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். நம் கணக்கில் 29 டிகிரி. அம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏம்பா, இது நம்ம புளோக் கீழே இருக்கிற வெயில்தானே? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். தம்பிக்குப் பதில் வரவில்லை.

அந்த 29 டிகிரியை வைத்திருப்பது லேசான வேலை இல்லை. குளத்துத் தண்ணீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தண்ணீரைவிடக் காற்று குளிர்ந்திருந்தால் ஆவி இன்னும் வேகமாகக் கிளம்பும், நனைந்த உடம்பும் நடுங்கும். அதனால் காற்றின் வெப்பத்தைத் தண்ணீரைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக வைப்பது எங்கள் துறையில் வழக்கம். ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானில் மியாசாகி கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஓஷன் டோம் என்று ஒன்று 1993இல் கட்டினார்கள். திறந்து மூடும் கூரை, செயற்கைக் கடல், செயற்கை எரிமலை. உள்ளே காற்று 30 டிகிரி, தண்ணீர் 28. கணக்குச் சரியாக இருக்கிறது பாருங்கள். கணக்குச் சரியாக இருந்தும் 2007இல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் உண்மையான கடலை வைத்துக்கொண்டு எதற்குக் கட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஈரத்தைச் சரியாக வெளியேற்றாவிட்டால் அது கூரையில் நீர்த்துளியாகப் படியும். குளோரின் கலந்த ஈரம் இரும்பை மட்டுமல்ல, துருப்பிடிக்காத எஃகையும் மெல்லத் தின்னும். சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் ஓர் உட்புற நீச்சல் குளத்தின் கூரை 1985இல் இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எஃகுக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போயிருந்தன. எங்கள் துறையில் இருப்பவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கூரையில் கறை இருக்கிறதா, தலையில் சொட்டுகிறதா என்று அண்ணாந்து பார்க்கும் என் பழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

அடுத்து, வாசனை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் போனதும் மூக்கில் ஏறும் காரமான நெடி வந்தால், "அட, குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று நம்மில் பலர் நினைப்போம். அது குளோரினின் நெடி இல்லை. நம் வியர்வை, சிறுநீர், முகப்பூச்சு இவற்றோடு குளோரின் சேர்ந்து குளோரமின் என்று ஒரு பொருள் உண்டாகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். நல்ல குளத்தில் அந்த நெடி இருக்காது. திறந்தவெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குள் அது எங்கே போகும்? அதில் ஒரு வகை காற்றைவிடக் கனமானது, தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே படுத்துக்கிடக்கும். பிள்ளைகளின் மூக்கு இருப்பதும் அதே உயரத்தில்தான். ராத்திரி அறையில் பிள்ளை விடாமல் இருமினால் "ரொம்ப நேரம் தண்ணியில கிடந்தே, சளி பிடிச்சிருச்சு" என்று திட்டுவோம். பாவம், அது சளியாகவே இருக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இதில் விடுதிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் இறங்கும் முன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்தாலே உடம்பில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். நாம் என்ன செய்கிறோம்? தலை நிறையத் தேங்காய் எண்ணெய், முகத்தில் பவுடர், அப்படியே நேராக அலைக்குளம். எண்ணெய் தண்ணீரின் மேலே மிதந்து வடிகட்டிக்குப் போய்ச் சேரும். பிள்ளைகளை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப்போவதும் ரொம்ப முக்கியம். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை, காசு கட்டியாகிவிட்டதே என்று இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். நீச்சலுக்கென்று விற்கும் டயப்பர் அதைத் தடுக்காது.

சரி, தங்குவதைப் பற்றிப் பேசுவோம். நம் குடும்பங்கள் நீர்ப் பூங்காவுக்குப் போனால் ஒருவர் மட்டும் கடைசிவரை நனையமாட்டார். பெரும்பாலும் பாட்டி, இல்லாவிட்டால் அம்மா. எட்டுப் பேருடைய பை, கைப்பேசி, கண்ணாடி, செருப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். பெட்டகத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க நமக்கு மனம் வராது. மேலே அறை, கீழே குளம் என்று ஆனதும் இந்தக் காவல் வேலை போய்விடுகிறது. பை அறையில். சாவி மணிக்கட்டில் கட்டிய பட்டையில். விஸ்கான்சினில் என் அம்மா முதல் நாள் பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் துண்டுகளைக் காத்தார். அடுத்த நாள் காலை, காக்க எதுவுமே இல்லை என்று புரிந்ததும், முழங்கால் வரை காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய வாளி ஒன்று மேலே நிரம்பி நிரம்பிக் கவிழும். அதுபோன்ற வாளிகளில் 1,000 கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் பிடிப்பவை உண்டு. அது கவிழும்போதெல்லாம் பேரப்பிள்ளைகளைவிட அம்மாதான் அதிகமாகக் கத்தினார்.

சாப்பாடு இப்படிப்பட்ட இடங்களில் விலை அதிகம், எங்கே திரும்பினாலும் பீட்சா. குளத்துப் பக்கம் வெளிச்சாப்பாடு கூடாது என்பார்கள், அறைக்குள் பெரும்பாலும் கண்டுகொள்ளமாட்டார்கள். தம்பி மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறுதான் எங்களைக் காப்பாற்றியது. இன்னொன்று, பல விடுதிகளில் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும், ஆனால் அதற்கு முன்பே குளத்தில் இறங்கலாம். அறையைக் காலி செய்த நாளிலும் மாலைவரை விளையாடவிடுவார்கள். ஓர் இரவுக்குக் காசு கட்டினால் இரண்டு நாள் ஆட்டம். முன்பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அறையில்தான் காற்றுக் கணக்கு மறுபடி வரும். குளம் இருக்கும் மண்டபத்தின் காற்றழுத்தத்தை மற்ற பகுதிகளைவிடச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தால் ஹோட்டல் காற்று குளத்துப் பக்கம் போகும், குளத்தின் ஈரம் இந்தப் பக்கம் வராது. சோதிக்கக் கருவி வேண்டாம். வரவேற்பறையில் நிற்கும்போதே குளத்து நெடி வந்தால் அழுத்தம் தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். நம் வட்டாரத்தில் ஒரு விடுதியில் தங்கியபோது தலையணை உறையே குளத்து வாசம் அடித்தது. பெயர் வேண்டாம். விடிந்ததும் பிள்ளைகளை எழுப்பி வேறு இடம் பார்த்துக்கொண்டோம்.

ஐரோப்பாப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பெர்லினுக்குத் தெற்கே டிராப்பிகல் ஐலண்ட்ஸ். வான்கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய கொட்டகை அது. 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரம். வான்கப்பல் நிறுவனம் 2002இல் திவாலானது. கொட்டகையை வாங்கி உள்ளே கடற்கரையும் மழைக்காடும் வைத்து 2004இல் திறந்தது யார் தெரியுமா? மலேசியாவின் தஞ்சோங் நிறுவனம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த தொழிலதிபர், நம் ஆனந்த கிருஷ்ணனின் குழுமத்தைச் சேர்ந்தது. பிறகு ஸ்பெயின் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. கூரையின் ஒரு பக்கத்தில் வெயில் ஊடுருவும் மெல்லிய படலம் போட்டிருக்கிறார்கள். உள்ளேயே கூடாரத்தில் படுத்துத் தூங்கலாம். அவ்வளவு உயரமான இடத்தில் காற்றுக்கு இடம் தாராளம்.

சிங்கப்பூரில் ஏன் இப்படி ஒன்று பெரிதாக வரவில்லை என்று என்னிடம் கேட்பார்கள். நிலம் ஒரு காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் காற்றைச் சொல்வேன். விஸ்கான்சினில் குளிர்காலக் காற்று காய்ந்த காற்று. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் போதும், குளத்து ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். இங்கே உள்ளே இழுக்கும் காற்றே ஈரம். அதைக் குளிரவைத்து, தண்ணீரைப் பிழிந்தெடுத்து, மறுபடி வெதுவெதுப்பாக்கி அனுப்ப வேண்டும். மின்கட்டணத்தை நினைத்தாலே தலை சுற்றும். கூரை மட்டும் போட்டு, பக்கச் சுவர் இல்லாமல் விடுவதுதான் நமக்குத் தோதான வழி என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, எந்த நாள் போவது? கூட்டம் கூடக்கூடக் குளோரமின் கூடும். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் இருக்கும் காற்றும் செவ்வாய்க்கிழமை காலை இருக்கும் காற்றும் ஒன்றல்ல. வார நாளில் அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு. கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். உடை விதியையும் முன்கூட்டியே பாருங்கள், பருத்தித் துணியோடு பல இடங்களில் இறங்கவிடமாட்டார்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளிலேயே பார்க்கலாம். இந்த டிசம்பருக்கு அம்மாவுக்கு ஒன்று வாங்கப்போகிறோம். கறுப்பு வேண்டாம், மயில் கழுத்து நிறத்தில் இருந்தால்தான் தண்ணீரில் இறங்குவேன் என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.