பி.ஏ. தமிழ் சேர்ந்தால் மூன்று வருஷம் எப்படிப் போகும்?

[திரையில் ஐந்து வரி மட்டும், பின்னால் இசை வேண்டாம்]

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

வணக்கம். இது குறுந்தொகையில் 40ஆம் பாட்டு. கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், பேச்சுப் போட்டியில் கேட்டிருப்பீர்கள். வீடியோவை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, இதில் 'ஞாய்' என்றால் யார் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். அதே மாதிரி எந்தை என்றால் என் அப்பா, நுந்தை என்றால் உன் அப்பா. இன்றைக்கு நாம் 'என்', 'உன்' என்று தனியாக முன்னால் வைக்கிறோம், அந்தத் தமிழில் அது சொல்லுக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. 'பெயனீர்' என்பது பெயல் + நீர், பெயல் என்றால் மழை. அதாவது நாம் மனப்பாடமாகச் சொல்கிற பாட்டிலேயே இத்தனை சொல்லை அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வருஷா வருஷம் என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணா, பி.ஏ. தமிழ் ஈஸிதானே? பேசுற மொழிதானே?" நான் படித்தது பி.ஏ. தமிழ் இலக்கியம்தான், அந்த மூன்று வருஷத்தையும் மனதாரச் சொல்கிறேன், நல்ல படிப்பு. ஆனால் பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ எடுத்துப் படிக்கிறவருக்கு ஒரு விஷயம் முதல் நாளிலேயே தெளிவாகத் தெரியும்: இந்த மொழி எனக்குத் தெரியாது, தினமும் உட்கார்ந்தால்தான் வரும். நமக்கு அது தெரிவதில்லை. தெரிந்த மொழி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம், முதல் செமஸ்டர் முடிவதற்குள் திணறிப்போகிறோம். அதனால் அங்கே உண்மையில் எவ்வளவு வேலை இருக்கிறது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று இந்த வீடியோவில் பார்க்கலாம்.

[திரையில் ஒரு டைம்டேபிள்]

முதலில் வெளித்தோற்றம், இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம், 6 செமஸ்டர். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு டே ஆர்டர் (ஆறு நாள் சுற்று), ஆக 30 மணி நேரம். ஒரு பேப்பருக்கு உள்மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75 என்றுதான் அநேகப் பல்கலைக்கழகங்களில் பிரித்திருப்பார்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். பாடத்தை ஐந்து பகுதியாகப் பிரிப்பார்கள்: எல்லாத் துறைக்கும் பொதுவான தமிழ், பொது ஆங்கிலம், அப்புறம் உங்கள் மேஜரும் அல்லைடும் (துணைப் பாடமும்), பிறகு திறன் சார்ந்த பேப்பர்கள், கடைசியாக என்.எஸ்.எஸ். மாதிரி விரிவாக்கப் பணி. இதில் பலருக்கும் ஆச்சரியமாக இருப்பது, தமிழ் மேஜர் எடுத்தவர்களுக்கும் அந்தப் பொதுத் தமிழ் பேப்பர் உண்டு என்பதுதான். காலையில் பி.காம். நண்பனுக்கு நடக்கிற அதே செய்யுள் உங்களுக்கும் நடக்கும், அதற்கு மேலே உங்கள் மேஜர் தனி.

டைம்டேபிளில் தெரியாத பாரமும் ஒன்று இருக்கிறது. நான் படித்த காலத்தில் அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று வகுப்பு நடந்தது. தமிழ்த் துறைக்கு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள், மீதி அரை நாள் வேலைக்குப் போவார்கள். என்னோடு படித்த ஒருவன் ஜவுளிக்கடையில் இரவு பத்து மணி வரைக்கும் நின்றுவிட்டு வருவான். மறுநாள் நடக்கவிருக்கிற நன்னூல் (இலக்கண நூல்) நூற்பாவை, அதாவது சூத்திரத்தை, பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பான், கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து எடுத்து வாசிப்பான். அந்தத் தாள்களில் ஒன்றிரண்டு இன்னும் என் புத்தகத்துக்குள் இருக்கின்றன.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். பி.ஏ. தமிழில் வேலை எங்கே இருக்கிறது என்றால், இலக்கணத்தில்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் கிட்டத்தட்ட செமஸ்டருக்கு ஓர் இலக்கணப் பேப்பர் வரும். பவணந்தி முனிவரின் நன்னூலில் எழுத்து, சொல் இரண்டு அதிகாரமும், அகப்பொருளுக்கு நாற்கவிராச நம்பி, புறப்பொருளுக்கு ஐயனாரிதனாரின் வெண்பாமாலை, செய்யுளுக்கு யாப்பருங்கலக்காரிகை, அணிக்குத் தண்டியலங்காரம். தொல்காப்பியத்தைச் சில இடங்களில் பி.ஏ.விலேயே வைத்திருப்பார்கள், சில இடங்களில் எம்.ஏ.வுக்குத் தள்ளியிருப்பார்கள். நன்னூல் ஒன்றே 462 நூற்பா. 'நூற்பாவை எழுதி விளக்கு' என்று கேள்வி வரும், அதனால் மனப்பாடமும் வேண்டும், பொருளும் வேண்டும், எடுத்துக்காட்டும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மதிப்பெண் போய்விடும்.

[திரையில்: கடி]

எப்படி இருக்கும் என்று ஒன்று காட்டுகிறேன். 'கடி' என்ற இந்தச் சொல்லைப் பார்த்ததும் நமக்கு நாய், கொசு, மொக்கை ஜோக் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். நன்னூல் இதை உரிச்சொல்லாக எடுத்துக்கொண்டு பதின்மூன்று பொருள் சொல்கிறது: காப்பு, கூர்மை, மணம், விளக்கம், அச்சம், சிறப்பு, விரைவு, மிகுதி, புதுமை, ஆர்த்தல், வரைவு, மன்றல், கரிப்பு. கடிநகர் என்றால் காவல் உள்ள நகரம். கடிவேல் என்றால் கூர்மையான வேல். கடிமாலை என்றால் மணக்கிற மாலை. இதைத் தெரிந்துகொண்டு அடுத்த வகுப்புக்குப் போனால் அங்கே சங்கப் பாட்டில் 'கடி' வரும், பதின்மூன்றில் எது என்று அந்த வரியைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இலக்கணப் பேப்பர் வேறு, இலக்கியப் பேப்பர் வேறு என்று தனித்தனி நோட்டுப் போட்டுப் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

இப்போது யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம். எல்லோரும் பயப்படுகிற பேப்பர். உண்மையில் மதிப்பெண் அள்ளிக் கொடுக்கிற பேப்பரும் இதுதான், ஏனென்றால் கணக்கு மாதிரி விடை சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நிதானமாகப் பாருங்கள்.

[திரையில் குறள், ஒவ்வொரு சீராக நிறம் மாற வேண்டும்]

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

திரையில் நிறம் மாறுகிற ஒவ்வொரு துண்டும் ஒரு சீர், சீரின் உறுப்பு அசை. அசை இரண்டே இரண்டு. ஒரு குறிலோ நெடிலோ தனியாக நின்றாலும், பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் நேர். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும், அவற்றின் பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் நிரை. இப்போது பிரியுங்கள், அசை சேர்ந்து வரும் வடிவத்துக்குத் தேமா, கருவிளம் மாதிரி ஒரு பெயர் உண்டு, அதுதான் வாய்பாடு. கற் / க: நேர் நேர், தேமா. கச / டறக்: நிரை நிரை, கருவிளம். கற் / பவை: நேர் நிரை, கூவிளம். கற் / றபின்: அதுவும் கூவிளம். நிற் / க: தேமா. அதற் / குத்: நிரை நேர், புளிமா. தக: நிரை மட்டும், வாய்பாடு மலர்.

அடுத்தது தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேருகிற முறை. குறளில் மாச்சீருக்குப் பிறகு நிரை வர வேண்டும், விளச்சீருக்குப் பிறகு நேர் வர வேண்டும். கற்க என்பது மா, அடுத்து கச, நிரை. கசடறக் என்பது விளம், அடுத்து கற், நேர். கற்பவை விளம், அடுத்தும் நேர். இப்படியே கடைசி வரைக்கும் போய்ப் பாருங்கள், ஓர் இடத்தில்கூடத் தட்டாது. எனக்கு முதல் தடவை இது சரியாக வந்தபோது, கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்த ஐயா சாக்பீஸை வைத்துவிட்டு, "வேற குறள் எதை வேணும்னாலும் சொல்லு, போடுவோம்" என்றார். வகுப்பே ஆளுக்கொன்று சொன்னோம். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. (தமிழ்த் துறையில் சார், மேடம் குறைவு, ஐயா, அம்மாதான். முதல் வாரம் கூச்சமாக இருக்கும், பிறகு வேறு மாதிரி கூப்பிடவே வராது.)

இலக்கியப் பேப்பர்களில் இருக்கிற வேலை வேறு மாதிரி. அங்கே பிரச்சினை அளவு. சங்கப் பாடல்கள் மொத்தம் 2381. அத்தனையும் பாடத்தில் இராது, தேர்ந்தெடுத்த சில பாட்டுகள்தான். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் பதம் பிரிக்க வேண்டும், திணை (நில, ஒழுக்க வகை), துறை (பாட்டின் சூழல்), யார் கூற்று என்று சொல்ல வேண்டும். ஐந்தே வரி கொண்ட அந்தக் குறுந்தொகைப் பாட்டுக்கு, 'இவன் பிரிந்துவிடுவானோ' என்று தலைவி அஞ்சுவதைக் குறிப்பால் உணர்ந்த தலைவன் சொன்னது என்ற சூழல் தெரிந்தால்தான், யாயும் ஞாயும் என்று அவன் ஏன் ஆரம்பிக்கிறான் என்பதே விளங்கும். இது போக காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், சிறுகதை, நாவல், புதுக்கவிதை, மொழி வரலாறு, தமிழக வரலாறும் பண்பாடும் எல்லாம் இருக்கின்றன. நாவல் பேப்பரை லேசாக எண்ணிக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், 300 பக்கத்தை ஒரே ராத்திரியில் வாசித்துத் திறனாய்வு எழுத முடியாது.

சுவடியியல் இருக்கிற கல்லூரி கிடைத்தால் விடாதீர்கள். பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படித்தான். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்திருப்பீர்கள். அப்படியொரு ஏட்டில் நீங்களே அரை வரி வாசிக்க முயற்சி செய்த பிறகு, அந்த ஒரு மதிப்பெண் விடைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேஜரில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள்கூட ஆங்கிலப் பேப்பரில் அரியர் வைத்து டிகிரி கைக்கு வராமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். முதல் செமஸ்டரிலிருந்தே அதற்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அரியர் விழுந்துவிட்டால் உடனே அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிடுங்கள், மூன்றாம் வருஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

கைடு விஷயம். இரண்டாவது செமஸ்டரில் ஒரு நூற்பாவை ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்தேன். அதில் நடுவே இரண்டு சீர் விடுபட்டிருந்தது எனக்குத் தெரியாது. அப்படியே எழுதினேன், மதிப்பெண் போயிற்று. அதைவிட, அந்தத் தப்பான வடிவம் இன்றைக்கும் என் நாக்கில் வருகிறது, அதுதான் வருத்தம். மூலத்திலிருந்து படியுங்கள். இதற்குப் பணம்கூட வேண்டாம்: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடும் அகராதியோடும் கிடைக்கின்றன. நன்னூலுக்கு ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையைத் தேடிப் பாருங்கள், சுருக்கமாக இருக்கும், முதல் வருஷத்துக்கு அது போதும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால் என் அனுபவத்தில் ஒன்றுதான் வேலை செய்தது: தினமும் கொஞ்சம், வாய்விட்டு. நூற்பா வாய்விட்டுச் சொல்வதற்கென்றே செய்யுளாக எழுதப்பட்டது, கண்ணால் மட்டும் வாசித்தால் மறந்துவிடும். விடுதியில் காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் மூன்று பேர் மூன்று மூலையில் நின்று மூன்று நூற்பாவைச் சொல்லிக்கொண்டிருப்போம். ஒருவன் தடுமாறினால் அடுத்த மூலையிலிருந்து எடுத்துக்கொடுப்பான். அப்புறம் பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, நாளைக்கு ஒரு குறுந்தொகைப் பாட்டு. மொத்தம் 401தான், ஒன்றேகால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் ஐம்பது பாட்டுக்கு வரிக்கு வரி உரை வேண்டியிருக்கும். எனக்கு நூறு தாண்டிய பிறகுதான், உரைப் பக்கம் கண் போகாமலே மூன்றாவது வரி வரைக்கும் வந்துவிட்டேன் என்பதைக் கவனித்தேன்.

பட்டிமன்றம், கவியரங்கம், முத்தமிழ் விழா எல்லாம் நேரத்தைத் தின்னும், ஆனாலும் போங்கள். மேடையில் பத்து நிமிஷம் குறிப்பில்லாமல் பேசப் பழகியது எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது.

வேலை பற்றித் தனி வீடியோ போடுகிறேன், இப்போதைக்கு இவ்வளவு: பி.எட். முடித்தால் ஆசிரியர் பணி, எம்.ஏ.வுக்குப் பிறகு நெட், செட் எழுதிக் கல்லூரி, நடுவில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. அந்தத் தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். நன்னூல் ஒழுங்காகப் படித்தவருக்கு அந்த நூறில் பயம் இராது.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்றால், ஒரு நோட்டு எடுத்து இதைப் பிரித்துப் பாருங்கள்.

[திரையில் குறள், நிறம் இல்லாமல்]

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

மூன்றாவது சீரில் மூன்று அசை வரும், நான் மேலே சொல்லாத காய்ச்சீர் அது. காய்க்குப் பிறகு நேர் வர வேண்டும். கடைசிச் சீர் 'உலகு' குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கிற 'உ'வில்) முடிகிறது, அதற்கு மலர் என்ற வாய்பாடு பொருந்தாது, வேறு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள், அடுத்த வீடியோவை அங்கிருந்து தொடங்குகிறேன்.